38,500 டாலர் கொடுத்து வாங்கிய ஜிடி ஃபாஸ்ட்பேக்: ஜிடியும் இல்லை, ஃபாஸ்ட்பேக்கும் இல்லை

நேற்று மாலைதான் தெரிந்தது. இரவு தூங்கவில்லை, அதனால் கோர்வையாக இருக்காது.

டாலஸுக்கு வெளியே பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு கடை. பெயர் போட வேண்டாம் என்கிறார் வக்கீல். அங்கே நின்றது 1966 ஃபோர்டு மஸ்டாங், சிவப்பு. கண்ணாடியில் 'ஜிடி ஃபாஸ்ட்பேக்' என்று அட்டை. 38,500 டாலர்.

தெரியாதவர்களுக்காக: அந்த வருட மஸ்டாங்கில் கூபே, கன்வெர்ட்டிபிள், ஃபாஸ்ட்பேக் என்று மூன்று வடிவம். ஃபாஸ்ட்பேக்கின் கூரை சறுக்குமரம் போலப் பின்னால் இறங்கும். ஊரில் அதிகம் கிடைப்பது கூபே, விலை ஏறிக் கிடப்பது ஃபாஸ்ட்பேக். அதற்கு மேல் ஜிடி: முன்பக்கம் டிஸ்க் பிரேக், கிரில்லில் ஃபாக் லைட், இரட்டை எக்ஸாஸ்ட். 225 அல்லது 271 குதிரைத்திறன் வி8 இன்ஜின் இருந்தால்தான் கம்பெனி ஜிடி போட்டுக் கொடுத்தது.

கடைக்காரர் பெரியவர். சாவியைக் கையில் வைத்து, "நிதானமா ஓட்டிட்டு வாங்க" என்று உள்ளே போய்விட்டார். கூடவே வந்து தொணதொணக்காத அந்த ஒன்றில்தான் விழுந்தேன். திரும்பி வந்ததும், கதவில் இருக்க வேண்டிய, வண்டியின் எண்ணும் விவரமும் பொறித்த தகடு எங்கே என்று கேட்டேன். கேட்டேன், அதுதான் கொடுமை! கதவு துருப்பிடித்து மாற்றியதில் போய்விட்டதாம். "டேஷ்போர்டுல அஞ்சு டயல் இருக்கா, எண்ணிப் பாருங்க. ஜிடிக்கு அதுதான் அடையாளம்." சின்னப்பிள்ளை மாதிரி எண்ணினேன். ஐந்து இருந்தது. கையெழுத்துப் போட்டேன். 1966-ல் எல்லா மஸ்டாங்குக்குமே ஐந்து டயல்தான் என்று இப்போது தெரிகிறது.

நேற்று பிரேக் சத்தத்துக்காக ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். பானெட்டைத் திறந்தவர் டிரைவர் பக்கத்து உள்தகட்டில் கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்தார். 6, ஆர், 07, டி. "6 வருஷம். ஆர், சான் ஹோசே ஆலை. 07 கூபே, ஃபாஸ்ட்பேக்னா 09 இருக்கணும். டி-ன்னா ஆறு சிலிண்டர்." அப்புறம் டிக்கி விரிப்பைத் தூக்கினார். ஓரமெல்லாம் வெல்டிங் தழும்பு. ஆறு சிலிண்டர் கூபேயின் கூரையை அறுத்து ஃபாஸ்ட்பேக் ஆக்கி, எங்கிருந்தோ ஒரு வி8-ஐ இறக்கியிருக்கிறார்கள். அதே எண் என் வீட்டு அலமாரியில், ஆவணத்திலேயே அச்சாகி இருக்கிறது. நான் படிக்கவில்லை.

போன் செய்தேன். "முந்தின ஓனர் சொன்னதைத்தான் எழுதினோம்." மறுபடி செய்தேன். "உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே." மூன்றாவது தடவை, "வண்டி நல்லாத்தானே ஓடுது சார்?" 38,500 டாலர், நல்லாத்தான் ஓடுது! அதற்குப் பிறகு வாய்ஸ்மெயில்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். உள்தகட்டு எண்ணும் ஆவண எண்ணும் ஒன்றா? ஐந்தாவது இடத்தில் ஏ அல்லது கே (அந்த 225, 271 குதிரைத்திறன் இன்ஜின்களின் எழுத்து) இல்லையென்றால் அது ஜிடி இல்லை. இருந்தாலும் ஜிடி என்று உறுதியில்லை, பேட்ஜும் பக்கவாட்டில் ஒட்டும் கோடும் ஃபாக் லைட்டும் கடையில் கிடைக்கிறது. கதவுத் தகடு இல்லையா, நடையைக் கட்டுங்கள். பணத்துக்கு முன்னால் ஒரு மெக்கானிக்.

இன்று காலை அவர்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். இன்னொரு 'ஜிடி' வந்திருக்கிறது. இருபது படம் போட்டிருக்கிறார்கள், கதவுத் தகடு ஒன்றிலும் இல்லை.