கல்வாழைத் தொட்டி: எங்க வீட்டு கழிவுத் தண்ணியோட 6 வருஷம்

2019 மே மாசம் எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு செயற்கை ஈரநிலம் கட்டினோம், அதாவது வீட்டு கழிவுத் தண்ணியை ஜல்லியும் செடியும் வச்சு சுத்தம் பண்ற ஒரு படுகை. இன்ஜினியருங்க ரூட் சோன், பிளான்டட் கிராவல் ஃபில்டர்னு பல பேரு வச்சு சொல்லுவாங்க, எங்க தெருவுல அதுக்கு பேரு கல்வாழைத் தொட்டி. 6 வருஷம் தாண்டிடுச்சு. கட்டின புதுசுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும், அதனால அப்பவே எழுத வேணாம்னு இருந்தேன். நடுவுல ஒருதடவை முழுசா அடைச்சிக்கிச்சு, ஒரு புயலைப் பாத்துடுச்சு, இப்ப எழுதினா தான் நாலு பேருக்கு உருப்படியா இருக்கும்.

எங்க ஊரு திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவுல. தெருவுல சாக்கடை கிடையாது, குளிக்கிற தண்ணி துணி துவைக்கிற தண்ணி பாத்திரம் கழுவுற தண்ணி எல்லாம் ஓரமா ஓடி ஏரி வாய்க்கால்ல இறங்கிடும். எங்க பக்கம் ஒரு ஏரி நிரம்பினா அடுத்த ஏரி, அதுவும் நிரம்பினா அதுக்கடுத்ததுன்னு போயி கடைசில கடலோரத்துல இருக்கற கழுவெளிங்கற பெரிய சதுப்பு நிலத்துல தான் சேரும். பூநாரை வந்து நிக்கற இடம், 2024ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேத்தாங்க. அவ்ளோ பெரிய இடத்துக்கு நம்ம வீட்டு சோப்புத் தண்ணி போகுதேன்னு எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்தல். இன்னொரு பக்கம் போர் தண்ணி வருஷத்துக்கு வருஷம் உப்பாகிட்டே வருது, தென்னைக்கு விட தண்ணி இல்ல. உள்ள இருக்கற தண்ணியை வெளிய விட்டுட்டு கீழ இருந்து உப்புத் தண்ணியை உறிஞ்சிக்கிட்டு இருக்கோம்.

இத முதல்முதல்ல நான் பாத்தது 2018ல, அத்தைக்கு கண்புரை ஆபரேஷனுக்காக தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு போனப்ப. அங்க ஆஸ்பத்திரி கழிவு நீரையே தொட்டி, செடி போட்ட ஜல்லிப் படுகை, குளம்னு வரிசையா விட்டு சுத்தம் பண்ணி தோட்டத்துக்கு விடறாங்க. அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரி, பக்கத்துல நின்னா நாத்தம் இல்ல. ஆரோவில்ல நிறைய இடத்துல இதே முறை இருக்குன்னு அப்புறம் தெரிஞ்சுது, போய் பாத்தோம். அங்கருந்து வந்ததும் வீட்டுக்காரர் நோட்டுல கணக்கு போட ஆரம்பிச்சிட்டார்.

எங்களுது சின்னது. டாய்லெட் தண்ணி தனியா செப்டிக் டேங்குக்கு போயிடும், அதை இதுல சேக்கல, மத்த தண்ணி மட்டும் தான். அப்ப வீட்டுல 5 பேரு, பக்கெட் கணக்கு வச்சு ஒரு வாரம் பாத்ததுல ஒரு நாளைக்கு ஏறக்குறைய 450 லிட்டர். படுகை 6 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம். தண்ணி அதுல 50 சென்டிமீட்டர் வரைக்கும் நிக்கும். ஜல்லிக்கு நடுவுல காலியா இருக்கற இடம் 40 சதம்னு வச்சா உள்ள 1800 லிட்டர் பிடிக்கும், அதை 450ஆல வகுத்தா 4 நாள். அதாவது இன்னைக்கு குளிச்ச தண்ணி நாலு நாள் கல்லுக்குள்ள ஊர்ந்து ஊர்ந்து தான் அந்தப் பக்கம் வரும். இந்த 4 நாள் தான் எல்லாமே, கட்டறவங்க முதல்ல போட வேண்டிய கணக்கு இது.

சமையல்கட்டுல இருந்து வர்றது முதல்ல ஒரு 50 லிட்டர் டிரம்முல விழும், எண்ணெய் மேல மிதந்து நிக்கறதுக்கு. அப்புறம் எல்லாத் தண்ணியும் சேந்து சிமென்ட் உறை இறக்கின ரெண்டு தொட்டி, அங்க மண்ணு முடி சோத்துப் பருக்கை எல்லாம் அடியில தங்கிடும். அதுக்கப்புறம் தான் படுகை. படுகைக்கு அடியில தடிமனான பாண்ட் ஷீட், தண்ணி உள்ள வர்ற இடத்துலயும் வெளிய போற இடத்துலயும் ஒன்றரை இஞ்ச் ஜல்லி, நடுவுல முழுக்க அரை இஞ்ச் ஜல்லி. மொத்தம் ரெண்டு யூனிட் கிட்ட ஆச்சு. கடைசில ஒரு பிவிசி எல்போ, அதை திருப்பினா உள்ள தண்ணி மட்டம் ஏறும் இறங்கும். செலவு கூலியோட சேத்து அப்ப 48 ஆயிரம்.

ஆரம்பத்துலயே ஒரு தப்பு. ஜல்லியை கழுவாம கொட்டிட்டாங்க. கிரஷர் தூள் அப்படியே உள்ள போயிடுச்சு, ரெண்டு மாசம் வெளிய வர்ற தண்ணி சிமென்ட் கரைச்ச மாதிரி வந்துது. மேஸ்திரி அண்ணன் "அது தானா சரியாயிடும்மா"ன்னார், பாதி சரியாச்சு, மீதி தூள் அடியில தங்கிடுச்சுன்னு பின்னாடி தான் தெரிஞ்சுது. யாராவது கட்டறதா இருந்தா ஜல்லியை சலிச்சு கழுவித்தான் போடணும், ஒரு நாள் கூலி கூட ஆனாலும் பரவால்ல.

செடி கல்வாழை, விசிறிக்கோரை, ஓரத்துல கொஞ்சம் வெட்டிவேர். ஏரியில இருந்து நாணலும் கொண்டு வரலாம்னு நினைச்சோம், அதோட வேர்த்தண்டு ஷீட்டையே குத்திடும்னு ஆரோவில்ல ஒருத்தர் சொன்னதால விட்டுட்டோம். கல்வாழை மூணே மாசத்துல ஆள் உசரம் ஏறிடுச்சு, சிவப்பும் மஞ்சளுமா பூ, காலைல தேன்சிட்டு விடாம வரும்.

எல்லாரும் செடி தான் தண்ணியை சுத்தம் பண்ணுதுன்னு நினைக்கறாங்க. வேலை பெரும்பாலும் பாக்டீரியாவோடது. ஒவ்வொரு ஜல்லி மேலயும் வழவழன்னு ஒரு படலம் வரும், அதுல இருக்கறது தான் சோப்பு, கொழுப்பு, அழுக்கை எல்லாம் தின்னும். செடி வேர் வழியா கொஞ்சம் ஆக்சிஜன் இறங்கும், வேர் போற வழியில கல்லு இறுகாம இருக்கும். ஜெர்மனில கேத்தே சைடல்னு ஒரு விஞ்ஞானி 1950கள்ல கோரை வகைச் செடிகளை வச்சு கழிவு நீரை சுத்தம் பண்ணலாம்னு சோதனை செஞ்சு காட்டினாங்க, அப்புறம் 1974ல ஓத்ஃப்ரேசன்ங்கற ஊர்ல இந்த மாதிரி படுகை முழு அளவுல வந்துது. 70 வருஷம் முன்னாடி ஒரு அம்மா கோரையை நம்பி ஆரம்பிச்ச வேலை இன்னைக்கு என் வீட்டுக் கொல்லையில ஓடுதுன்னு நினைச்சா எனக்கு நிஜமாவே பெருமையா இருக்கும்.

முதல் ரெண்டு மாசம் லேசா நாத்தம் இருந்துது, படலம் பிடிச்சதும் போயிடுச்சு. அதுக்கப்புறம் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வெளிச்சத்துல பாத்தா, உள்ள போற தண்ணி சாம்பல் கலர்ல கலங்கி இருக்கும், வெளிய வர்றது லேசா டீத்தண்ணி மாதிரி ஒரு மஞ்சள், மத்தபடி தெளிவு. மூக்குக்கு கிட்ட வச்சா மழை பெஞ்ச மண்ணு வாசனை தான். கொசு? நிறைய பேரு கேக்கற கேள்வி. தண்ணி ஜல்லிக்கு மேல வரவே கூடாது, நாலு இஞ்ச் கீழயே நிக்கணும், அப்படி இருந்தா கொசுவுக்கு முட்டை போட இடமே இல்ல. மேல தண்ணி தெரிஞ்சா எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம்.

2020 லாக்டவுன்ல நாத்தனார் குடும்பமும் வந்து தங்கினாங்க, 8 பேரு, எல்லாரும் நாள் முழுக்க வீட்ல. நாலு நாள் தங்க வேண்டிய தண்ணி ரெண்டரை நாள்ல வெளிய வந்துது, கலங்கல் கொஞ்சம் கூடிச்சு, சாயங்காலம் லேசா வாடை. எல்லார் துணியையும் ஒரே நாள்ல துவைக்காம பிரிச்சு துவைக்க ஆரம்பிச்சதும் கொஞ்சம் தாங்கிச்சு.

இப்ப முக்கியமான கதைக்கு வரேன். 2023 ஆரம்பத்துல படுகையோட முன்பக்கம் ஜல்லிக்கு மேல தண்ணி நிக்க ஆரம்பிச்சுது, கூடவே கொசு, அழுகின முட்டை நாத்தம். முதல்ல நாங்க ஜல்லில இருந்த தூள் தான் காரணம்னு நினைச்சோம். ஆனா தூள் 2019லயே இருக்கே, மூணு வருஷம் எப்படி ஓடிச்சு? பாத்ரூம் கழுவற ஆசிட்டா, வேற சோப்பு மாத்தினோமான்னு ஒவ்வொண்ணா யோசிச்சுட்டு இருந்தப்ப அத்தை தான் சொன்னாங்க, "மாட்டை வித்ததுல இருந்து தான்டி இது"ன்னு.

எனக்கு அப்ப தான் உறைச்சுது. 2022ல கறவை மாட்டை வித்துட்டோம். அதுவரைக்கும் அரிசி கழுவின தண்ணி, வடிச்ச கஞ்சி, மிச்சக் குழம்பு, பருப்பு கழுவினது எல்லாம் கழனிப்பானைக்கு போகும், சாயங்காலம் மாடு குடிச்சிடும். மாடு போனதும் பானையும் போச்சு, அத்தனையும் சிங்க்ல ஊத்த ஆரம்பிச்சிட்டோம். பேருக்கு வெறும் தண்ணி தான், ஆனா கஞ்சியோட பிஓடி ரொம்ப ஜாஸ்தி, அதாவது அதை மக்க வைக்கறதுக்கு பாக்டீரியாவுக்கு அவ்ளோ ஆக்சிஜன் வேணும். படுகைக்குள்ள அவ்ளோ ஆக்சிஜன் கிடையாது. தின்னு தின்னு பாக்டீரியா பெருகி அந்த வழவழ படலமே தடிச்சு இடைவெளியை அடைச்சிடுச்சு, ஏற்கனவே அடியில இருந்த தூள் மீதியை பாத்துக்கிச்சு. ரெண்டு மூணு பெரியவங்க கிட்டயும் ஒரு இன்ஜினியர் கிட்டயும் காசு குடுத்து கேட்டோம், அவர் சொன்னது ஜல்லி முழுசையும் மாத்தணும்னு. வீட்டுக்குள்ளயே பதில் இருந்துது.

சரி பண்ணினது இப்படி. ஒரு வாரம் தண்ணியை பழைய வாய்க்காலுக்கு திருப்பினோம், அது மனசுக்கு கஷ்டமா இருந்துது, வேற வழி இல்ல. முன்பக்கம் ஒரு மீட்டர் நீளத்துக்கு மட்டும் ஜல்லியை தோண்டி எடுத்தோம், தார் மாதிரி கருப்பு சேறு, நாத்தம் தாங்கல. வெயில்ல காய வச்சு, சலிச்சு, கழுவி திரும்ப போட்டோம். மீதி 5 மீட்டரைத் தொடவே இல்ல, அடைப்பு எப்பவும் தண்ணி நுழையற இடத்துல தான் முதல்ல வரும். செலவு ரெண்டு ஆள் மூணு நாள் கூலி. அத்தை கழனிப்பானையை திரும்ப வச்சாங்க, இப்ப எதிர்வீட்டு மாட்டுக்கு போகுது. தோசை மாவு, இட்லிப் பாத்திரம், குழம்புச் சட்டி எல்லாம் முதல்ல வழிச்சு எடுத்துட்டு அப்புறம் தான் கழுவறோம். எண்ணெய் டிரம்மை வாரம் ஒருதடவை ஞாயித்துக்கிழமை வழிக்கணும், தீபாவளிக்கு எல்லாரும் எண்ணெய் தேச்சு குளிச்சா மறுநாளே படுகை முகப்பைப் பாக்கணும், ஏன்னா குளியல் தண்ணி அந்த டிரம்முக்கு வராது. உறைத் தொட்டி சேறு வருஷத்துக்கு ஒருதடவை. 2023க்கு அப்புறம் மேல தண்ணி நின்னது ஒரே ஒருதடவை தான்.

அது 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்த அன்னைக்கு. படுகை ஓரம் ரெண்டு இஞ்ச் தான் உசரமா விட்டிருந்தோம், கொல்லை முழுக்க ஓடின செம்மண் தண்ணி உள்ள பூந்துடுச்சு. கல்வாழை எல்லாம் படுத்துடுச்சு. மேலாக்கு ஜல்லியை மட்டும் வாரி கழுவினோம், செடியை அடியோட வெட்டி விட்டோம், பொங்கலுக்குள்ள மறுபடி தளிர் வந்துடுச்சு. இப்ப ஓரத்தை சுத்தி 9 இஞ்ச் செங்கல் கட்டி இருக்கு, அது முதல் நாளே கட்டி இருக்கணும்.

இந்தத் தண்ணியை எதுக்கு விடறோம்னா தென்னைக்கும் வாழைக்கும் தான். கீரைக்கோ பச்சையா சாப்பிடற எதுக்குமோ விட மாட்டோம், கிருமி குறையுமே தவிர முழுசா போகாது. நைட்ரஜன் பாஸ்பரஸ் கூட பாதி அப்படியே வெளிய வரும், மரத்துக்கு அது உரம், ஆனா இதை நேரா ஏரியில விடறதா இருந்தா இந்த ஒரு படுகை பத்தாதுன்னு தான் நான் சொல்லுவேன். துணி சோப்புல இருக்கற சோடியமும் இதுல போகாது. ரெண்டு வருஷம் ஒரே வாழைக்கு விட்டதுல இலை ஓரம் கருக ஆரம்பிச்சுது, இப்ப இடம் மாத்தி மாத்தி விடறோம், மழைக்காலத்துல மண்ணு கழுவிக்கும். சொட்டு நீர்க் குழாய்ல விட்டு பாத்தோம், ஒரு மாசத்துல ஓட்டை அடைச்சிடுச்சு, வாய்க்கால் தான் சரி. மே மாசம் மத்தியானத்துல வெளிய ஒரு சொட்டு வராது, கல்வாழையே குடிச்சிடும், காலைல தான் ஓடும், புதுசா கட்டினவங்க பயந்துடாதீங்க.

கல்வாழையை மூணு நாலு மாசத்துக்கு ஒருதடவை வெட்டணும், வெட்டினதை தென்னை அடியில மூடாக்கா போடறோம். தவளை நிறைய வந்துடுச்சு, தவளைக்கு சாரைப்பாம்பு வரும், அதனால ராத்திரி டார்ச் இல்லாம அந்தப் பக்கம் போறது இல்ல. பெருச்சாளி ஒருதடவை ஷீட் ஓரத்தைக் கடிச்சிடுச்சு, நல்லவேளை தண்ணி மட்டத்துக்கு மேல.

எதிர்வீட்ல, நம்ம கஞ்சியை குடிக்கற மாட்டோட வீடு தான், அவங்களும் கட்டணும்னு கேக்கறாங்க. 4 பேரு, இடம் 5 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் தான் இருக்கு. 360 லிட்டர்னு வச்சா கணக்கு நாலு நாளுக்கு மேலயே வருது, கட்டலாம்னு சொல்லிட்டேன். தை மாசம் கல்வாழை வெட்டறப்ப கிழங்கு நம்ம தொட்டில இருந்தே பிரிச்சு தரேன், ஜல்லி கழுவற அன்னைக்கு நானும் வரேன்னு சொல்லி இருக்கேன்.