அம்மாவின் பதினொரு மாத்திரைகளும் மஞ்சக்குப்பத்துக் குடும்ப டாக்டரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிளினிக்கின் பெயர் இதில் இருக்காது. எழுதட்டுமா என்று கேட்டேன், டாக்டரே வேண்டாம் என்றுவிட்டார். "கூட்டம் வந்துட்டா ஒருத்தருக்கு இருபது நிமிஷம் தர முடியாதுங்க, அப்புறம் நானும் மடமடன்னு எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான்" என்று சிரித்தார். கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் விசாரித்தால் யாராவது சொல்வார்கள். போர்டில் பெயருக்குக் கீழே டி.என்.பி. குடும்ப மருத்துவம் என்று போட்டிருக்கும், எம்.டி. மாதிரி ஒரு மேற்படிப்பு, எந்த வயதுக்காரர் எந்த நோயோடு வந்தாலும் முதலில் பார்க்கிற டாக்டருக்கானது.

அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை, பிரஷர், முட்டிவலி, போதாததற்கு ஆறு மாதமாகத் தலைசுற்றல். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டாக்டர், கடலூரில் இரண்டு பேர், பாண்டியில் மூன்று பேர், எல்லோருமே படித்தவர்கள், யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒருவர் எழுதிய சீட்டை இன்னொருவர் புரட்டிப் பார்த்து நான் பார்த்ததில்லை. கடைசியில் நாளைக்குப் பதினொரு மாத்திரை. காலையில் அம்மா அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சுண்டல் மாதிரி இருக்கு என்பார்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் இந்த டாக்டரம்மாவிடம் போனோம். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும், அம்மா வாசலிலேயே என்னிடம் "சின்னப் பொண்ணா இருக்கே" என்று முணுமுணுத்தார். பையை அப்படியே மேசையில் கவிழ்க்கச் சொன்னார் டாக்டர். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்து இரண்டு இரண்டாக அடுக்கினார். கேஸ் மாத்திரை என்று இரண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், இரண்டும் ஒரே மருந்து, கம்பெனி பெயர்தான் வேறு. அப்புறம் கேட்டார்: "கடையில நீங்களா வாங்கிப் போடுறது ஏதாவது இருக்காம்மா?" அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலைக்கு நடுவே ஓர் அட்டை முட்டிவலி மாத்திரை. தினம் ஒன்று, சில நாள் இரண்டாம். எனக்கே தெரியாது. அம்மா கணக்கில் அது மாத்திரையே இல்லை, வலி போக்குவது.

அதிலிருந்து டாக்டர் ஒரு வெள்ளைத்தாளில் கோடு இழுத்துக்கொண்டே போனார். அந்த வலி மாத்திரை பிரஷரை ஏற்றும். பிரஷர் ஏறியது என்று ஒருவர் அம்லோடிபினை 5-லிருந்து 10 மில்லிகிராம் ஆக்கினார். அம்லோடிபின் கூடினால் சிலருக்குக் கால் வீங்கும், வீங்கியது, அதற்கு இன்னொருவர் நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். அதனால் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார், தூக்கம் போச்சு, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, அதற்குத்தான் தலைசுற்றல் மாத்திரை. கால் வீக்கத்துக்காக நாங்கள் இதயத்துக்கு எக்கோ வரை எடுத்து முடித்திருந்தோம், அது நார்மல். வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார், கிட்னிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார், தொடைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், மற்றதை ஒரே நாளில் அல்லாமல் பார்த்துப் பார்த்துக் குறைத்தார். மூன்று முறை போனதில் பதினொன்று ஆறாகிவிட்டது. (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாருக்கும் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், ஒவ்வொருவர் கதை ஒவ்வொரு மாதிரி.)

இனி அக்கா மகள் விஷயம். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக இருக்கிறாள், மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படிக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் ஸ்கின் எடுக்க வேண்டும் அல்லது ரேடியாலஜி. ஆயாவின் மாத்திரைக் கதையைக் கேட்டுவிட்டு "சித்தி, நானும் வரேன்" என்று ஒரு சனிக்கிழமை கூட வந்தாள். உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள், டாக்டரும் வருகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்தில் சளி பிடித்த கைக்குழந்தை, தைராய்டு உள்ள கர்ப்பிணி, கெளுத்தி முள் குத்திக் கை வீங்கிய தேவனாம்பட்டினத்து மீனவர், கையெல்லாம் அரிப்போடு சிப்காட்டிலிருந்து ஒரு தொழிலாளி. வயிறு எரிகிறது என்று வந்த ஒருவருக்கு உடனே ஈ.சி.ஜி. எடுத்து, ஆஸ்பிரின் கொடுத்து, கையோடு கடிதம் எழுதி, ஆம்புலன்ஸ் வரச்சொல்லி ஏற்றி அனுப்பினார். அது வயிறு இல்லை, நெஞ்சு. வெளியே வந்ததும் இவள் சொன்னாள், "நாலு வருஷம் படிச்ச எல்லா புஸ்தகமும் ஒரே காலையில வந்துட்டுப் போச்சு சித்தி."

ரேங்க் வராதவர்கள் எடுக்கும் படிப்புதானே இது என்று நானும் நினைத்திருந்தேன், அதனால் கொஞ்சம் துடுக்காகவே டாக்டரிடம் ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஹவுஸ் சர்ஜனாக வார்டு வார்டாகப் போனபோது ஒவ்வொரு வார்டை விட்டு வரும்போதும் மனசு வரவில்லையாம், பிரசவமும் பிடித்தது, குழந்தைகளும் பிடித்தது, ஒன்றை எடுத்தால் மற்றதெல்லாம் போய்விடும். இன்னொன்று, டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று தெரியாமலே போவது அவரை உறுத்தியிருக்கிறது. "இங்க தெரிஞ்சுடும், தெருவுலயே பார்த்துடுவேன்" என்றார். சொந்த ஊரில் இருக்கலாம், லட்சக்கணக்கில் கடன் வாங்கி மெஷின் போட வேண்டாம், ராத்திரி ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டாம், குழந்தைக்குச் சோறு ஊட்ட வீட்டுக்குப் போகலாம் என்றும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது, சேவை சேவை என்று மட்டும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

படிப்பும் ஒன்றும் லேசில்லை. எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம், அதே நீட் பி.ஜி. எழுதித்தான் உள்ளே போக வேண்டும், டி.என்.பி. என்றால் அதற்கு மேல் 3 வருஷம், மெடிசின், சர்ஜரி, பிரசவம், குழந்தைகள், மனநலம் என்று எல்லாத் துறையிலும் சுற்ற வேண்டும். எம்.டி.யாகவும் இருக்கிறது, கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி. மாதிரி சில இடங்களில். அமெரிக்காவில் 1969-லேயே இதைத் தனி ஸ்பெஷாலிட்டி ஆக்கிவிட்டார்கள், பிரிட்டனில் ஜி.பி. (அங்கே குடும்ப டாக்டருக்கு அதுதான் பெயர்) ஆவதற்கென்றே தனிப் பயிற்சி உண்டு, மருத்துவ மாணவர்களையும் படிக்கும்போதே ஜி.பி.யிடம் அனுப்பிவிடுவார்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் இப்படி ஒரு டிபார்ட்மெண்டே கிடையாது. அக்கா மகள் அத்தனை வருஷத்தில் ஒரு குடும்ப மருத்துவரைக்கூட வகுப்பில் பார்த்ததில்லையாம், அப்புறம் எந்த மேற்படிப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற லிஸ்டில் எப்படிப் போடத் தோன்றும்?

வருமானம், மரியாதை இரண்டிலும் அடி விழும் என்பதையும் டாக்டர் சொன்னார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் "வெறும் ஜெனரல் டாக்டரா?" என்று கேட்டுவிட்டு பஜ்ஜியை மட்டும் முடித்துவிட்டுப் போனார்களாம். என் தாத்தா காலத்தில் இதே ஊரில் எல்.எம்.பி. டாக்டர் (அந்தக் காலத்து மருத்துவப் படிப்பு) வந்தால் திண்ணையில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கம்பவுண்டர் பாட்டிலில் வேளைக்கு இவ்வளவு என்று காட்டக் காகிதத்தை வெட்டி ஒட்டி மிக்சர் மருந்து கொடுப்பார், அம்மா இன்னும் அந்தக் கசப்பைச் சொல்வார்.

சரி, கிளினிக்கின் குறைகளையும் சொல்ல வேண்டும். டோக்கன் கிடையாது. அஞ்சு பேர் உட்காரும் பெஞ்சில் ஒன்பது பேர், "ரிப்போர்ட் மட்டும் காட்டணும்" என்று நடுவில் நுழைகிற ஆசாமிகளை யாரும் தடுப்பதில்லை, ஒருமுறை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஐப்பசி மழையில் வாசலில் முழங்கால் தண்ணீர். லேப் இல்லை, ரத்தம் கொடுக்க வேறு இடம் போக வேண்டும். ராத்திரி போன் எடுக்க மாட்டார், அம்மாவுக்கு ஒருநாள் சர்க்கரை இறங்கியபோது மூன்று முறை அடித்துவிட்டு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து 108-ஐக் கூப்பிட்டோம். மறுநாள் போனதும், "அந்த நேரத்துக்கு நீங்க செஞ்சதுதான் சரி" என்றார், சரிதான், ஆனாலும் அன்றைக்கு எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. பீஸ் 250 ரூபாய், பத்து நாளுக்குள் திரும்பிப் போனால் வாங்குவதில்லை.

அக்கா மகள் இன்னும் ஸ்கின்தான் முதலில் போடப்போகிறாள். மூன்றாவதாகக் குடும்ப மருத்துவத்தையும் எழுதி வைத்திருக்கிறாள், அத்தானுக்கு இன்னும் தெரியாது.

போகிறவர்கள் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். பிரித்து டப்பாவில் போட்டு எடுத்துப் போனால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார், வெயிலில் இரண்டு நடை ஆகிவிடும். சுருக்குப்பையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.