மாடியில் எந்த ஆண்டெனா: இருமுனைக் கம்பியா, யாகியா?

குளச்சல் பக்கம் வீடு, திருவனந்தபுரத்தின் 101.9 எஃப்.எம். தெளிவாக வேண்டும் என்றால் முதலில் டைபோல், அதாவது இருமுனைக் கம்பி, கட்டிப் பாருங்கள். தலா 70 செ.மீ. நீளத்தில் இரண்டு அலுமினியக் குழாய், நடுவில் ஒரு பிவிசி துண்டு, பழைய கேபிள் டிவி வயர். அந்த 75 ஓம் வயர் இதற்கு அப்படியே பொருந்தும். ஒரு மாலை வேலைதான். கம்பியின் முனை அல்ல, அதன் நீளவாட்டுப் பக்கம் வடமேற்கைப் பார்க்கட்டும்; திருவனந்தபுரம் அந்தத் திசையில்தான். கம்பியின் முனைப்பக்கம் காது மந்தம்.

மூன்று கம்பி யாகி வேறு ரகம். நடுவில் அதே டைபோல், பின்னால் சற்று நீளமான கம்பி, முன்னால் குட்டையானது. வடமேற்கே திருப்பினால் தொலைவு நிலையம் எடுபடும். கிழக்கே பக்கத்திலிருந்து கத்தும் நாகர்கோவில் 101.0 அடங்கும். எனக்கு இதுதான் பெரிய லாபம். ஆனால் ஆனி, ஆடிக் காற்றில் என் யாகி ஒரே இரவில் கன்னியாகுமரியைப் பார்த்துத் திரும்பி நின்றது! இரண்டு கிளாம்பு, மூன்று பக்க இழுகயிறு அவசியம்.

உப்புக்காற்று இரண்டையும் விடாது. செம்புக் கம்பி அலுமினியத்தைத் தொடும் இடம்தான் முதலில் பூக்கும்; எவர்சில்வர் போல்ட் போட்டு சிலிக்கானால் மூடுங்கள். மின்கம்பிக்கு அருகே கட்டவே வேண்டாம். ஐப்பசி இடிக்கு முன்பே வயரைக் கழற்றிவிடுங்கள்.

முதலில் டைபோல். இரைச்சல் போகாவிட்டால் அப்புறம் யாகி.