செட்டிநாட்டு விருந்து மிச்சத்தில் சிவப்பு நிறமி: உப்பு நுண்ணுயிரா, உப்பளப் பாசியா, ஜாப்ராவா?

செட்டிநாட்டு விருந்துகளில் மிஞ்சும் உணவைக் கொண்டு சிவப்பு நிறமி எடுக்க முடியுமா, அதற்கு உப்பில் வாழும் நுண்ணுயிர் ஏற்றதா பாசி ஏற்றதா, அல்லது ஜாப்ரா (அன்னாட்டோ) விதைச் சாயமே போதுமா என்பதே இங்கு கேள்வி. உப்பு படியும் தறுவாயில் உப்பளப் பாத்தி நீர் சிவப்பதற்குத் துனாலியெல்லா என்ற பாசியும், ஹாலோஃபெராக்ஸ், ஹாலோபாக்டீரியம் போன்ற உப்புவிரும்பி நுண்ணுயிர்களும் காரணம். பின்னவற்றைப் பாக்டீரியா என்று சொல்வது வழக்கமாயினும் அவை ஆர்க்கியா என்ற தனிப் பிரிவைச் சேர்ந்தவை.

துனாலியெல்லா வெயிலையும் கரியமில வாயுவையும் கொண்டு வளர்ந்து, உலர் எடையில் 10 சதவீதம் வரைகூடப் பீட்டா கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறமியைச் சேர்த்து வைக்கும். பீட்டா கரோட்டின் உணவில் அனுமதிக்கப்பட்ட நிறமும்கூட. ஆனால் இப்பாசிக்கு அகன்ற, ஆழமற்ற உப்புநீர்க் குளங்கள் வேண்டும். கடற்கரைக்கு ஏற்ற இத்தொழில், காரைக்குடி மண்டபங்களில் மிஞ்சும் உணவுக்கு எவ்வகையிலும் வழிசெய்யாது.

ஹாலோஃபெராக்ஸ் மெடிட்டெரேனி அப்படியன்று. மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதியைத் தானே சுரப்பதால், பந்திக்குச் சோறு வடித்த கஞ்சியே அதற்குத் தீனியாகும். கஞ்சியில் குறைவாக உள்ள நைட்ரஜனுக்குப் பருப்பு மிச்சம் போன்ற புரதம் சேர்க்க வேண்டும். ஹாலோபாக்டீரியமோ பெரும்பாலும் அமினோ அமிலங்களையே நம்பி வாழ்வது என்பதால் கஞ்சிக்குப் பொருந்தாது. இலையில் மிஞ்சிய குழம்பையும் வறுவலையும் தொட்டியில் கொட்டக் கூடாது என்பேன். மிளகாயின் சிவப்பும் மஞ்சளின் நிறமும் எண்ணெயில் கரைபவை. நுண்ணுயிர் தரும் பாக்டீரியோரூபெரின் என்ற சிவப்பு நிறமியும் அவ்வாறே என்பதால், பிரித்தெடுக்கும்போது மூன்றும் கலந்து, எது எதன் நிறம் என்றே தெரியாமல் போகும்.

இவ்வழியின் பெரும் வசதி பிரித்தெடுப்பில் உள்ளது. உப்பிலேயே வாழும் இச்செல்கள் நன்னீர் பட்டதும் வெடித்துவிடுவதால், பாசிகள் பலவற்றுக்குத் தேவைப்படும் அரைப்பு வேலை இங்கில்லை. பின்னர் ஆல்கஹாலில் நிறத்தை இறக்கலாம். தொட்டியில் 20 சதவீத உப்பு இருக்கையில் வேறு கிருமிகள் எளிதில் நுழையா. ஆனால் அந்த உப்பே தீராத தலைவலியும் ஆகிறது: 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ உப்பு கரைக்க வேண்டும், சாதாரண இரும்பை அது அரித்துவிடும், கழிவுநீர் ஊரணிக்கோ கண்மாய்க்கோ போனால் குடிநீரும் பாசனமும் ஒருசேரக் கெடும். உப்புநீரை மீளச் சுழற்றவோ வெயிலில் காயவைத்து உப்பைத் திரும்ப எடுக்கவோ ஏற்பாடில்லாத தொழிற்கூடத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

பயனையும் பார்க்க வேண்டும். பாக்டீரியோரூபெரின் 50 கரிம அணுக்கள் கொண்டது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதில் வலிமையானது. ஆனால் பீட்டா கரோட்டினைப் போல உடலில் வைட்டமின் ஏ ஆவதில்லை. நம் நாட்டு உணவு நிறப் பட்டியலில் அது இல்லை என்பதால் முகப்பூச்சுப் பொருள்களே அதற்கு இயல்பான சந்தை. பருத்திக் கண்டாங்கிச் சேலைக்கு அது சரிவராது: நீரில் கரையாத அந்நிறம் பருத்தி நூலில் எளிதில் பற்றாது, வெளிச்சத்திலும் வெளுக்கும்.

பலகாரத்துக்கு நிறம் தேடுவோருக்கு அனுமதி பெற்ற ஜாப்ரா விதைச் சாயமே உடனடி வழி. உணவுக்கு அனுமதியில்லாத ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை விதித்த பின்னர், அனுமதியற்ற மலிவுச் சாயங்களின் பக்கம் போக நியாயமே இல்லை.