மேக்கோடு ஒத்துப்போகும் நாஸ் பெட்டி: சில வருடங்கள் ஓட்டிய பிறகு

கல்யாண வீடியோ எடிட் செய்யும் எங்கள் சின்ன ஸ்டுடியோவில் இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக எல்லோரும் ஃபைல் வைத்தெடுக்கும் சேமிப்புப் பெட்டி) ஒன்று சில வருடங்களாக ஓடுகிறது. வேகம் போதும், சத்தம் குறைவு. ஒரு டிஸ்க் செத்தபோதும் இன்னொன்றில் அதே நகல் (மிரர்) இருந்ததால் வேலை நிற்கவில்லை. வன்பொருளில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இதை வாங்க வைத்ததே மேக்கோடு அது ஒத்துப்போகும் விதம்தான். மேக்கின் டைம் மெஷின் பேக்கப், ஃபைல்களைப் பார்க்கும் ஃபைண்டரில் போட்ட கலர் டேக் எல்லாம் அப்படியே நிற்கும். பெரும்பாலான பெட்டிகளில் இந்த வேலையைப் பார்ப்பது சாம்பா என்ற ஃபைல் பகிர்வு மென்பொருளின் 'விஎஃப்எஸ் ஃப்ரூட்' மாட்யூல். 2022 ஜனவரி 31 அன்று வெளியான சிவிஇ-2021-44142 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) எச்சரிக்கை இதே மாட்யூலைப் பற்றியதுதான். ஃபைலோடு ஒட்டி வைக்கும் கூடுதல் விவரங்களைச் சாம்பா படிக்கும்போது, ஒதுக்கிய நினைவகத்தின் எல்லையைத் தாண்டிப் படிக்கவும் எழுதவும் வைக்க முடிந்தது. அந்த விவரங்களை மாற்றும் உரிமை இருந்தால் போதும், ரூட் எனும் முழு அதிகாரத்தில் எந்த நிரலையும் ஓட்டலாம். கெஸ்ட்டுக்கு எழுத அனுமதி இருந்தால் பாஸ்வேர்டுகூடத் தேவையில்லை! தீவிர மதிப்பெண் 10க்கு 9.9. வெறும் ஏட்டுக் கணக்கும் இல்லை. 2021 ஆஸ்டின் பவன்2ஓன் ஹேக்கிங் போட்டியில் செய்தே காட்டிவிட்டார்கள்.

தற்காலிகத் தீர்வு என்று சாம்பா குழு சொன்னது, அமைப்பு ஃபைலில் 'ஃப்ரூட்' என்ற சொல்லை எடுத்துவிடுவது. விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் நஷ்டமில்லை. எங்களைப் போன்றவர்களுக்குத்தான் சிக்கல். மாட்யூலை எடுக்காமல் அதன் சேமிப்பு அமைப்புகளை மட்டும் மாற்றினாலும், ஏற்கெனவே சேமித்த மேக் விவரங்கள் தொலைந்துபோன மாதிரி தெரியும் என்று சாம்பா குழுவே எச்சரித்திருந்தது. சரி, கெஸ்ட் கணக்கை மூடினோம், வெளியிலிருந்து வருவதை விபிஎன் வழியாக மட்டும் வைத்தோம், பெட்டியின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட்டுக்குக் காத்திருந்தோம்.

அப்டேட் வந்தபின் இன்னொரு குழப்பம். சாம்பாவின் திருத்தம் 4.13.17, 4.14.12, 4.15.5 பதிப்புகளில் வந்தது. பெட்டியிலோ அதைவிடப் பழைய எண்தான் காட்டியது. நாஸ் கம்பெனிகள் பழைய பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் ஒட்டுப்போடும் பழக்கம் உள்ளவை, அதனால் பதிப்பு எண்ணை நம்பிப் பயனில்லை. வெளியீட்டுக் குறிப்பில் சிவிஇ எண் இருக்கிறதா என்று தேடுங்கள். எங்களுக்கு வந்த குறிப்பில் 'பாதுகாப்பு மேம்பாடுகள்' என்று ஒற்றை வரி. சப்போர்ட்டுக்கு எழுதிக் கேட்டுத்தான் உறுதி செய்துகொண்டோம். ஒரு ஸ்டார் குறைக்க எனக்கு அது போதும்.

இப்போதைக்கு நான்கு ஸ்டார். இந்த மாடலுக்கு அப்டேட் நிற்கும் நாளில் மாட்யூலைத் தூக்கிவிட்டு, பழைய ஆல்பங்களைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்வதாக இருக்கிறோம்.