சஃபாரி 26, குரோம், ஃபயர்ஃபாக்ஸ்: தமிழ்த் தளம் வைத்திருப்பவர் எதை நம்பி எழுதலாம்?

2025 செப்டம்பரில் சஃபாரி 18-இலிருந்து 26-க்குத் தாவியது. ஆப்பிள் தன் இயங்குதளங்கள் எல்லாவற்றுக்கும் ஆண்டை ஒட்டி ஒரே எண் வைக்க முடிவெடுத்ததால் வந்த தாவல் அது. எண்ணை விடுங்கள், உள்ளே இருப்பது கனமான சரக்கு. ஆங்கர் பொசிஷனிங், வலைப்பக்கம் கணினியின் கிராஃபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்த உதவும் வெப்ஜிபியு, ஸ்க்ரோல் செய்யச் செய்ய ஓடும் அனிமேஷன், பத்தி முழுவதையும் பார்த்து வரி மடிக்கும் வசதி என்று, இதுநாள்வரை குரோமைக் காட்டி சஃபாரியைக் குறை சொன்னவர்களின் பட்டியலில் பாதி ஒரே பதிப்பில் அடிபட்டுப் போனது. மேக்கில் இதை நிறுவி, குரோமையும் ஃபயர்ஃபாக்ஸையும் பக்கத்தில் வைத்து, அதே தமிழ்ப் பக்கங்களை மூன்றிலும் திறந்து பார்த்து எழுதுவது இது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீளமான தமிழ்க் கட்டுரை வாசிக்க சஃபாரி 26 மற்ற இரண்டையும்விட நன்றாக இருக்கிறது. ஆனால் தளம் கட்டுகிறவர் "எதில் முதலில் வந்தது" என்று பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மூன்றில் கடைசியாக எது கொண்டுவந்ததோ, அந்தத் தேதியில்தான் ஒரு வசதி உண்மையில் நம் கைக்கு வருகிறது.

யார் முந்தி, யார் பிந்தி

குரோம்தான் எப்போதும் முன்னால், சஃபாரிதான் எப்போதும் பின்னால் என்று பலர் நினைக்கிறார்கள். தேதிகளை அடுக்கிப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெட்டியின் தோற்றத்தை மாற்ற உதவும் 'ஹேஸ்' தேர்வி (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியைச் சேர்ந்தது) முதலில் வந்தது சஃபாரியில்தான்: 15.4 பதிப்பு, 2022 மார்ச். அதே ஆண்டு ஆகஸ்டில் குரோம் 105-இல் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 121-இல் அது வர 2023 டிசம்பர் ஆகிவிட்டது. உள்கட்டங்களை வெளிக்கட்டத்தோடு வரிசைப்படுத்தும் சப்கிரிட் கதை இதற்கு நேர்மாறு. ஃபயர்ஃபாக்ஸ் 71 அதை 2019 டிசம்பரிலேயே கொடுத்துவிட்டது. சஃபாரி 16 வந்தது 2022-இல். குரோம் 117 கொடுத்தது 2023 செப்டம்பரில். கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் காக்கவைத்தது குரோம்தான், அதைப் பற்றி அதிகம் பேச்சே எழவில்லை.

முதலில் வருவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு பொத்தானை ஒட்டியே குட்டி மெனுவை நிறுத்தி வைக்கும் ஆங்கர் பொசிஷனிங், 2024 மே மாதம் குரோம் 125-இல் வந்தது. அப்போது இடத்தைச் சொல்லும் பண்பின் பெயர் 'இன்செட்-ஏரியா'. தரநிலைக் குழுவில் பேச்சு முடிந்தபோது பெயர் 'பொசிஷன்-ஏரியா' ஆனது. குரோமும் அதே ஆண்டிலேயே மாற்றிக்கொண்டு பழைய பெயரை எடுத்துவிட்டது. முந்திக்கொண்டு எழுதியவர்கள் எல்லாரும் மறுபடி உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. சஃபாரி 26 வந்தபோது இது ஃபயர்ஃபாக்ஸில் இன்னும் இல்லை. ஸ்க்ரோல் அனிமேஷனும் அங்கே இயல்பாக முடக்கியே வைக்கப்பட்டிருந்தது. வெப்ஜிபியு அங்கே ஜூலையில்தான், அதுவும் விண்டோஸுக்கு மட்டும் வந்திருந்தது.

ஃபயர்ஃபாக்ஸ் மேல் எனக்குப் பிரியம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் வந்த பெரிய வசதிகளில் கடைசி நாற்காலி அடிக்கடி அதற்குத்தான் போகிறது. பக்க மாற்றத்தை மென்மையாகக் காட்டும் வியூ டிரான்சிஷன் குரோமில் 2023 மார்ச், சஃபாரியில் 2024 செப்டம்பர், ஃபயர்ஃபாக்ஸில் 2025 அக்டோபர். ஒரு ஆறுதல்: இந்த இடைவெளிகளைக் குறைக்கத்தான் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியவை இகாலியா, போகூப் நிறுவனங்களோடு சேர்ந்து ஆண்டுதோறும் இன்டராப் என்ற கூட்டு முயற்சியை நடத்துகின்றன. எதை இந்த ஆண்டு மூவரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, பொதுவான சோதனைகளை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். ஆங்கர் பொசிஷனிங்கும் வியூ டிரான்சிஷனும் 2025 பட்டியலில் இருந்தவை.

வரி மடிப்பில் சஃபாரிக்கு என் ஓட்டு

தமிழ் வாசகருக்கு நேரடியாக உறைப்பது இதுதான். நம் சொற்கள் விகுதியும் வேற்றுமையும் ஏறி நீண்டுகொண்டே போகும். 'பல்கலைக்கழகங்களுக்கிடையேயான' என்ற ஒரு சொல் கைப்பேசித் திரையில் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். வழக்கமான முறையில் உலாவி ஒவ்வொரு வரியாக நிரப்பிக்கொண்டு போகும். அடுத்த சொல் கொள்ளவில்லை என்றால் கீழே தள்ளிவிடும், அவ்வளவுதான். விளைவு: ஒரு வரியில் இரண்டே சொல், அடுத்த வரி நிரம்பி வழியும், பத்தியின் கடைசியில் 'ஆகும்' மட்டும் தனியாக நிற்கும்.

'டெக்ஸ்ட்-ராப்' பண்புக்கு 'ப்ரெட்டி' என்ற மதிப்பைக் கொடுத்தால் இதைச் சரிசெய்யச் சொல்கிறோம் என்று பொருள். குரோம் 117 முதலே அது உண்டு, ஆனால் குரோம் பத்தியின் கடைசி நான்கு வரிகளை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. தனித்து நிற்கும் கடைசிச் சொல்லைத் தவிர்க்க அது போதும். சஃபாரி 26 பத்தி முழுவதையும் எடைபோட்டு எங்கெங்கே மடிக்கலாம் என்று முடிவெடுக்கிறது. ஒரே கட்டுரையை இரண்டிலும் குறுகிய சாளரத்தில் வைத்துப் பார்த்தால், குரோமில் வலது ஓரம் பல் விழுந்த சீப்பு மாதிரி இருக்கிறது. சஃபாரியில் பள்ளங்கள் ஆழம் குறைந்து சீராகத் தெரிகின்றன. எழுத்துரு, அளவு எதையும் மாற்றாமல் கிடைக்கிற நன்மை இது. ஃபயர்ஃபாக்ஸ் இந்த மதிப்பை அப்போது புரிந்துகொள்ளவில்லை. ஆனால் அது தெரியாத வரியை விட்டுவிட்டுப் பழையபடி மடிக்கும், எதுவும் உடையாது. அதனால் இன்றே போட்டுவிடலாம்.

இதையொட்டி ஒன்று. நீண்ட சொல் வெளியே வழிகிறது என்று 'வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்' போட்டுவைத்த தமிழ்த் தளங்களை இன்னமும் பார்க்கிறேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது மடிக்கத் தேவையில்லாத சின்னச் சொல்லையும் வரி ஓரத்தில் வெட்டிப்போடும். 'ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்' வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் சொல்லை உடைக்கும், மூன்று உலாவிகளிலும் 2022 முதல் அது இருக்கிறது. இருபக்கமும் சீராக்குவதையும் கைப்பேசியில் தவிர்ப்பது நல்லது. ஃபயர்ஃபாக்ஸ் 2 காலத்தில் அப்படிச் செய்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்தே சிதறும். 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்த பிறகு அந்தக் கொடுமை தீர்ந்தது, ஆனால் சொற்களுக்கு நடுவே விழும் ஓட்டை இன்றும் தீரவில்லை.

எழுத்தை எண்ணும்போது

சொல் விளையாட்டோ, எழுத்து வரம்புள்ள பெட்டியோ வைப்பவர்களுக்கு இன்னொரு சோதனை. 'தமிழ்' என்பதன் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டில் சாதாரணமாகக் கேட்டால் 5 என்று வரும், ஏனென்றால் இகரக் குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணுகிறது. உரையை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் இன்டல் செக்மென்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி வழியாகக் கேட்டால் த, மி, ழ் என்று 3 கிடைக்கும். குரோமில் இது 2020 முதல், சஃபாரியில் 2021 முதல். ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில் வந்த 125-இல்தான். இப்போது மூன்றும் ஒரே விடை சொல்கின்றன.

ஆனால் 'லக்ஷ்மி' கொடுத்துப் பாருங்கள். நாம் ல, க்ஷ், மி என்று மூன்றாக வாசிக்கிறோம். உலாவிகள் மூன்றும் ஒருசேர ல, க், ஷ், மி என்று நான்காக எண்ணும். 'ஸ்ரீ' இரண்டாகும். தரநிலையை மூன்றும் சரியாகப் பின்பற்றுவதால் வரும் விடை இது. 2023-இல் வந்த யூனிகோடு 15.1, கூட்டெழுத்தைப் பிரிக்காமல் வைக்கும் விதியை தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளத்துக்குக் கொண்டுவந்தது. தமிழை அதில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் 'பக்கம்' என்பதில் 'க்க' ஒரே எழுத்தாகிவிடும், அது இன்னும் பெரிய தப்பு. ஆகவே க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும் நம் நிரலிலேயே தனிவிதி எழுதுவதுதான் வழி.

எதில் சோதிப்பது

குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எழுத்தைக் கோத்துக் காட்ட ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. மேக்கில் சஃபாரி, ஆப்பிளின் கோர் டெக்ஸ்ட்டை நம்பியிருக்கிறது. எழுத்துருவில் விதி பிசகியிருந்தால் முதல் இரண்டும் ஒன்றுபோல மறைத்துவிடவும், சஃபாரி மட்டும் காட்டிக்கொடுக்கவும் கூடும். புதிய தமிழ் எழுத்துரு ஏற்றினால் சஃபாரியில் பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

ஐஃபோனில் குரோம் வைத்துச் சோதித்தாலும் போதும், ஏனென்றால் ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் ஆகியவற்றுக்கு வெளியே ஐஃபோனில் எந்த உலாவியாக இருந்தாலும் உள்ளே பக்கத்தை வரைந்து காட்டுவது சஃபாரியின் இயந்திரமான வெப்கிட்தான். இங்கேதான் சஃபாரியின் பெரிய பலவீனமும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் குரோம் சில வாரங்களுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஐஃபோனில் உலாவி இயங்குதளத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ஐஓஎஸ் 26 ஐஃபோன் 11-க்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும்தான். எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் வைத்திருப்பவர்கள் சஃபாரி 18 வரிசையிலேயே நின்றுவிட்டார்கள். ஃபோன் நன்றாக ஓடுகிறது, பேட்டரிகூட மாற்றியிருப்பார்கள், உலாவி மட்டும் வளராது. மேக்கில் ஆப்பிள் இவ்வளவு கறார் இல்லை, முந்தைய இரண்டு இயங்குதளங்களுக்கும் சஃபாரி 26 கிடைக்கிறது.

அதனால் 'ப்ரெட்டி', 'ஹேஸ்', சப்கிரிட், செக்மென்டர் நான்கையும் இப்போதே தயக்கமின்றிப் பயன்படுத்துகிறேன். வியூ டிரான்சிஷனை அலங்காரமாக மட்டும். மெனு திறப்பதை ஆங்கர் பொசிஷனிங்கை நம்பி விட மாட்டேன், எக்ஸ்ஆர் வைத்திருப்பவருக்கு அந்த மெனு திரையின் எந்த மூலையில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அந்த வேலைக்குப் பழைய ஜாவாஸ்கிரிப்ட் நூலகமே இருக்கட்டும்.