99 ரூபாய் டாட்டூ: கோவையில் பச்சை குத்தக் கிளம்புவோர் கவனத்திற்கு

கோவை டி.பி. ரோடு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மாதிரிச் சாலையாகி, மாலையில் இளைஞர் கூட்டம் பெருகியதிலிருந்து, சுற்றுவட்டாரத்து டாட்டூ கடைகள் விலையை வைத்தே ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. சதுர அங்குலம் 99 ரூபாய் என்று பலகை வைத்திருந்த ஒரு கடையில், மருதமலை முருகன் மீது பக்தி கொண்ட என் அக்கா மகன், முன்கையில் வேல் ஒன்றைக் குத்திக்கொண்டு வந்தான்.

வில்லங்கம் அளவிலேயே தொடங்கியது. சாய்வாக வரைந்த வேல் உருவத்தைச் சுற்றிச் செவ்வகம் போட்டு, மை படாத வெறும் தோலையும் சேர்த்து, 6க்கு 3 என்று 18 சதுர அங்குலம் கணக்கெழுதினார்கள். அதன்படி 1,782 ரூபாய்தான் வரவேண்டும். ஆனால் நிழல் தீட்டும் ஷேடிங்குக்குத் தனி, மரத்துப்போகும் கிரீமுக்குத் தனி என்று பாதி வேலை முடிந்த பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லி, 4,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அரைகுறை வேலோடு எழுந்து வர யாருக்கு மனம் வரும்?

பணத்தைவிட ஊசிதான் எனக்குக் கவலை. அவன் உட்காரும் முன்பே இயந்திரத்தில் ஊசி மாட்டப்பட்டிருந்தது. உறையை யாரும் அவன் கண்முன் பிரிக்கவில்லை. மேல்தோலுக்கு அடியிலுள்ள அடுக்கில் மையை இறக்கும் இந்த வேலையில், ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியோ மைக்கிண்ணமோ அடுத்தவருக்குப் போனால், ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. கிருமிகளும் கூடவே போகக்கூடும். தோல் மருத்துவர் இப்போதும் சில மாதங்கள் கழித்தும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார். ஊசி ஆழமாக இறங்கியதால் கோட்டோரங்களில் மை கசிந்து நீலம் பாய்ந்திருப்பது தனிக் கதை. பச்சை குத்தினால் 12 மாதங்கள் ரத்ததானம் செய்ய இயலாது என்பதைக்கூட, கல்லூரி முகாம்களில் தவறாமல் ரத்தம் கொடுக்கும் அவனிடம் கடையில் எவரும் சொல்லவில்லை.

அதே பகுதியில், கூடுதல் விலை சொன்னாலும், கேட்காமலேயே உறையிலுள்ள காலாவதித் தேதியைக் காட்டிப் பிரிக்கிற கலைஞர்களும் இருக்கிறார்கள். 99 ரூபாய்ப் பலகைகள் அவர்களுடைய பிழைப்பையும்தான் கெடுக்கின்றன. எங்கே போனாலும், ஷேடிங் உட்பட மொத்தத் தொகையை முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஊசியை உங்கள் எதிரிலேயே பிரிக்கச் சொல்லுங்கள்.

அவன் பச்சை குத்திய கடைக்கு நேரில் போய்க் கேட்டபோது, "டச்-அப் பண்ணிக்கலாமுங்க, 1,500 ஆகும்" என்றார்கள். ஆஃபர் விலைக்குப் பில் கிடையாதாம். பணமும் ஒருவரின் சொந்த கூகுள் பே எண்ணுக்கே போயிருக்கிறது. பில் தராமலிருப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறையாகச் சொல்லப்பட்டிருப்பதால், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அது முடியும்வரை கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.